எரியல, வேவுது

"எரிக்கிறது" என்ற சொல்லை அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு யாரும் சீக்கிரத்தில் வீடு திரும்பியது கிடையாது. ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண், டயர் எரிக்கிற அம்மா வந்திருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகத்தான் சொன்னாள். சர்க்கரைக்குப் பையை நீட்டப் போன இந்த அம்மாள் பையை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வரிசையை விட்டு வெளியே வந்து, அவள் எதிரில் நின்றார்.

"ஏம்மா, இட்லிய எரிக்கிறேன்னு சொல்லுவியா, வேவ வெக்கிறேன்னு சொல்லுவியா?"

வேகவைக்கிறேன் என்றுதான் சொல்வேன் என்றாள் அவள்.

"அப்ப இதுவும் அதான். அடுப்பு கீழ எரியுது. டயரு பானைக்குள்ள வேவுது. உள்ள காத்து போனாத்தான எரியும்? நான் காத்தே உட மாட்டேன்."

அதோடு விட்டாரா என்றால் இல்லை. பானை எப்படி இருக்கும், மூடியை எப்படிப் பூசவேண்டும், ஆவி எந்தக் குழாயில் போய் எங்கே எண்ணெயாகச் சொட்டும் என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். பாடம் முடிவதற்குள் சர்க்கரை தீர்ந்துவிட்டது. இரண்டு பேரும் வெறும் பையோடு வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பெண் கறுவிக்கொண்டே வந்தாள். இவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

தெருவில் நாங்கள் அவரை டயரம்மா என்போம். எதிரில் மட்டும் அம்மா. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும், நான் கேட்டுக்கொண்டதில்லை.

எங்கள் தெரு வேங்கிக்கால் பக்கம், கலெக்டர் ஆபீசை நம்பி முளைத்த புது மனைகளில் ஒன்று. மாவட்டம் தனியாகப் பிரிந்ததும் வேலூரிலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தா நான். ஒரு மனையை வாங்கி, பாதிச் சுவருக்குப் பூச்சு, மீதிச் சுவருக்குப் பேச்சு என்று ஒரு வீடும் கட்டினேன். தெரு முடிகிற இடத்தில் யாரும் வாங்காத கல்லுத்தரை. அதைத் தாண்டி டயரம்மாவின் தகரக் கொட்டகை. அதற்குப் பின்னால் மலை. தெருவில் நின்று பார்த்தால் அண்ணாமலை அந்தத் தகரக் கூரையின்மேல்தான் உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டயருக்கு வருமுன் அவர் இட்லிக்கடை வைத்திருந்தார், டவுனில். அவருடைய வீட்டுக்காரர், லாரி டயர் தேய்ந்துபோனால் மேலே புதுத்தோல் ஒட்டித் தருகிற தொழில் செய்தவர். ஒட்டமுடியாத டயர்கள் வீட்டுக்குப் பின்னால் குவிந்தன. இட்லிக்கடை நஷ்டத்தில் ஓடியதா, லாபத்தில் ஓடியதா என்று எனக்குத் தெரியாது. அதை ஏன் மூடினார் என்பது தெரியும், ஏனென்றால் எல்லாரிடமும் சொல்லுவார். "இட்லி மீந்தா ராவுக்குள்ள ஊசிப்போவும். டயரு எத்தினி வருசம் கெடந்தாலும் ஊசிப்போவாது."

இது ஊருக்குச் சொல்கிற காரணம். இன்னொன்று அவர் கையில் இருந்தது. பல வருஷம் ஈரமாவில் கிடந்து விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, வெடித்து, குளிர்காலத்தில் ரத்தம் கசியும். என் மனைவி ஒருமுறை மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக் கொடுத்தபோது கையைத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சிரித்தாராம். "இட்லி வெந்துச்சோ இல்லியோ, என் கை நல்லா வெந்துச்சு. இனிமே இந்த ஜென்மத்துல மாவுல கை வெக்க மாட்டேன்." சொன்னபடி மாவரைத்த பெரிய கல் கிரைண்டரைக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் ஒரு செம்பருத்தித் தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டார். செடியும் பிழைத்துக்கொண்டு, பார்க்க ஏதோ சமாதி மாதிரி இருந்தது.

டயரை வேகவைக்கலாம் என்ற ஞானம் அவருக்கு ஒரு காதுகுத்தில் வந்தது. ஆந்திரா பக்கம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில், மாப்பிள்ளை முறைக்காரப் பையன் ஒருத்தன் தான் வேலைசெய்யும் தொழிற்சாலையைக் காட்ட எல்லாரையும் கூட்டிப்போனான். பெரிய இரும்பு உருளை, உள்ளே பழைய டயர், கீழே தீ, காற்று புகாத மூடி. டயர் உருகி ஆவியாகி, ஆவி குளிர்ந்து எண்ணெயாகிறது. குளிராத ஆவி திரும்பி வந்து அதே அடுப்பிலேயே எரிகிறது. அதற்கு அந்தப் பையன் வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னானாம். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விருந்துக்கு ஓடிவிட்டார்கள். இந்த அம்மாள் மட்டும் உருளையைச் சுற்றிச்சுற்றி வந்துவிட்டு, "இத்தினி பெரிய ஆளுங்க இட்லிப்பானைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பெரிய பேரு வெச்சிகீறாங்க?" என்று கேட்டாராம்.

ஊருக்குத் திரும்பியதும் நேராக பஸ் ஸ்டாண்டு பக்கம் வெல்டிங் கடை வைத்திருந்த பாயிடம் போனார். பாய் பரம்பரையாக இரும்பு வேலைக்காரர். கிரில் கேட்டு, தண்ணீர்த் தொட்டி என்று நாலு பேர் கேட்கிறதைச் செய்துகொண்டு நிம்மதியாக இருந்த மனிதர். ரோடு போடுகிறவர்கள் கழித்துப்போட்ட தார் காய்ச்சும் பாய்லர் ஒன்றை எங்கேயோ பிடித்து, அதை வெட்டி ஒட்டி, டயரம்மா சொல்லச்சொல்ல ஒரு ராட்சச இட்லிப்பானை செய்துகொடுத்தார். செய்து முடித்ததும் தன் கடையில் ஒருவாரம் சாம்பிராணி போட்டார் என்று சொல்வார்கள்.

கொட்டகைக்குள் போனால் சமையலறைக்குள் போன மாதிரிதான் பேச்சிருக்கும். ஒருதரம் பானையை நிரப்பி இறக்கினால் ஒரு ஈடு. லாரி டயர் புழுங்கலரிசி, நேரம் பிடிக்கும். சைக்கிள் டயர் ரவை, கண்மூடித் திறப்பதற்குள் ஆகிவிடும். சொட்டுகிற எண்ணெய் வடிகஞ்சி. கடைசியில் அடியில் தங்கும் கரித்தூள் இட்லிப்பொடி. டயருக்குள் இருக்கும் கம்பி மீன்முள். வெந்துவிட்டதா என்று பார்க்க, இட்லிக்கடையிலிருந்து கொண்டுவந்த நீளக் கரண்டியால் பானையின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். செங்கல் சூளைக்காரர்கள் எண்ணெய் வாங்க வந்தால், "இருங்க, இன்னும் ஒரு ஈடு இருக்குது, சூடா எடுத்துகினு போங்க" என்பார். ஆறினால் அந்த எண்ணெய்க்கு என்ன கெட்டுவிடப் போகிறதோ தெரியாது.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். வேகும்போது மூடியைத் திறக்கக் கூடாது. "மூடியத் தொறந்தா இட்லியும் கெடும், டயரும் கெடும். இட்லி கெட்டா புருசன் திட்டுவான். டயரு கெட்டா திட்டறதுக்குப் புருசன் இருக்க மாட்டான்." இதைச் சொல்லும்போது அந்தப் புருஷர் பக்கத்திலேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்து பீடி இல்லாத வாயை மென்றுகொண்டிருப்பார். கொட்டகைக்குள் பீடிக்குத் தடை. அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அவளக் கேளுங்க." மழை வருமா என்று கேட்டாலும் அவளக் கேளுங்க. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் அவளக் கேளுங்க.

இப்படிச் சொல்வதால் எங்களுக்கு அவரிடம் சங்கடமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நாற்றம் சொல்லி மாளாது. வேகுதோ எரியுதோ, மூக்குக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை. மூடியைப் பூசின களிமண் எங்காவது விரிந்தால் போதும், தெருவே இருமும். காயப்போட்ட என் வெள்ளைச் சட்டைகளில் கரும்புள்ளி விழுந்து, ஆபீசில் என்னைப் புதுசாக அம்மை போட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். வேப்பமர இலைகளைத் தொட்டால் விரல் கறுக்கும். என் மனைவிக்கு அந்த வருஷம் இருமல் நிற்கவே இல்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். கோபத்தோடு கொட்டகைக்குப் போவேன். அவர் ஒரு கிண்ணத்தில் சுண்டலை வைத்துக் கையில் கொடுத்து, இன்றைக்கு ஈடு எப்படி வந்தது என்று சொல்ல ஆரம்பிப்பார். கோபத்தை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டே வீட்டுக்கு வருவேன்.

நாலாவது வீட்டில் பெண்பார்க்க வந்த கதை இன்னும் மோசம். மாப்பிள்ளை வீட்டார் காரை விட்டு இறங்கும்போதே கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். விஷயம் கேள்விப்பட்ட டயரம்மா, பெண் வீட்டாருக்கு உதவி செய்வதாக நினைத்து, தலையில் பூவெல்லாம் வைத்துக்கொண்டு வந்து மாப்பிள்ளையின் தாயாரிடம் சமாதானம் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, இது நம்ம வீட்டில் வேகுகிற வாசனைதான், இன்னும் கொஞ்ச நேரத்தில் இறக்கிவிடுவோம் என்று. அவர்கள் இது தங்களுக்காக நடக்கிற சமையல் என்று புரிந்துகொண்டார்கள். சாப்பிட்டுத்தான் வந்தோம், சாப்பிட்டுத்தான் வந்தோம் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டு, பெண்ணைப் பார்த்தும் பாராமலும் கிளம்பிவிட்டார்கள்.

அதன்பிறகு மனு போட்டே தீருவது என்று ஓய்வுபெற்ற தாசில்தார் முடிவு செய்தார். அவர்தான் எங்கள் தெருச் சங்கத்துக்குத் தலைவர். மாசு பார்க்கிற ஆபீசுக்கு அவர் எழுதிய மனுவில், குடியிருப்புப் பகுதியில் டயர்களை எரிக்கிறார் என்று இருந்தது. தெருவே கையெழுத்துப் போட்டது, நானும் போட்டேன். மனு நியாயமானது, அதை இன்றைக்கும் சொல்வேன். டயரம்மாவுக்குச் செய்தி போனதும் அவர் தாசில்தார் வீட்டு வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு அல்ல. எரிக்கிறார் என்பதை அடித்துவிட்டு வேகவைக்கிறார் என்று எழுதிக் கொடுத்தால் தானே முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். தாசில்தார் தன் உத்தியோக காலத்தில் எத்தனையோ பேரைச் சமாளித்தவர். அன்றைக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இதற்கிடையில் பாய்க்கு ஒரு கவலை இருந்தது. சில நாள் பானையிலிருந்து ஆவி அதிகமாக வந்தது. அடுப்பு தின்றது போக மிச்சம் எங்கேயாவது போயாக வேண்டும். அதற்காகக் கூரைக்குமேல் உயரமாக ஒரு குழாய் எழுப்பி, ஒரு திருகும் வைத்துக் கொடுத்தார்.

"அக்கா, கேஸ் ஜாஸ்தியாச்சுன்னா இதத் தொறந்து, மேல ஒரு பந்தம் காட்டிடுங்க. சும்மா உட்டீங்கன்னா கொட்டாய்க்குள்ளதான் சுத்தும். ஒரு பொறி போதும், நீங்களும் இல்ல, பானையும் இல்ல."

"பந்தம் காட்டினா இன்னா ஆவும்?"

"எரியும்."

டயரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எரியும் என்ற சொல் அந்தக் கொட்டகையில் அடுப்புக்கு மட்டுந்தான் உண்டு. குழாய் நின்றது, ஆனால் அதில் அவர் ஒருநாளும் பந்தம் காட்டவில்லை. ஆவி அதிகமானால் அடுப்பைத் தணிப்பார், பானைக்கு ஈரச்சாக்கு போர்த்துவார், கரண்டியால் தட்டி அதட்டுவார். பாய் போகும்போதும் வரும்போதும் தலையில் அடித்துக்கொள்வார்.

தீபத்தன்று நடந்ததைச் சொல்லுமுன் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் கார்த்திகைத் தீபத்தன்று மலை உச்சியில் தீபம் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டில் விளக்கு ஏற்றுவது. விரதக்காரர்கள் அதற்குப் பிறகுதான் பல்லில் எதையாவது போடுவது. தாசில்தார் பச்சைத்தண்ணீர் கூடக் குடிக்காத ரகம். விரதம் இருப்பதில் பாதி பலன், இருப்பதை எல்லாரிடமும் சொல்வதில் மீதி. மத்தியானத்திலிருந்தே தெருவில் மேலும் கீழும் நடந்து, எனக்குப் பசியே தெரியவில்லை, எனக்குப் பசியே தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவர் வீட்டு அடை வாசனை மட்டும் அவர் பின்னாலேயே நடக்கும்.

அந்த வருஷம் தீபத்தன்று மழை. சாயங்காலம் மழை விட்டாலும் மேகம் இறங்கி மலையில் பாதியைக் காணவில்லை. தெருவே வாசலில் நின்று, மலை இருக்கவேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பொறி பறக்கச் சுற்றுகிற மாவளியைக் கையில் வைத்துக்கொண்டு எப்போது பற்றவைக்கலாம் என்று துடித்துக்கொண்டிருந்தார்கள். நேரம் இன்னும் ஆகவில்லை. தாசில்தார் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதும் போடுவதுமாக இருந்தார்.

அப்போது மேகத்துக்குள், மலை உச்சி இருக்கும் இடத்தில், குப்பென்று ஒரு சுடர் எழுந்தது.

"அண்ணாமலைக்கு அரோகரா" என்று முதலில் கூவியவர் தாசில்தார். அடுத்த நொடி தெரு முழுக்க அரோகரா. எல்லாக் கையும் தலைக்குமேல் போயிற்று. என் கையும்தான். என் மனைவி ஓடிப்போய் அகல்களை ஏற்றினாள். பிள்ளைகள் வெடியைக் கொளுத்தினார்கள். வெடிச்சத்தம் கேட்டுப் பக்கத்துத் தெருவும் ஏற்றியது, அவர்களைப் பார்த்து அதற்கடுத்த தெருவும். அந்த வருஷம்போல் பெரிதாக, அவ்வளவு கிட்டத்தில் தெரிவதுபோல் தீபத்தை நான் பார்த்ததே இல்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. தாசில்தார் வாசலிலேயே நாற்காலி போட்டு, கையில் அடையை வாங்கி, கண்ணை மூடி முதல் வாயைக் கடித்தார்.

இரண்டாவது அடை பாதியில் இருக்கும்போது டவுன் பக்கம் படபடவென்று வெடிச்சத்தம் கிளம்பியது. மேகம் மெல்ல விலகியது. நாங்கள் கும்பிட்ட சுடருக்கு வெகு மேலே, சின்னதாக, அமைதியாக இன்னொரு சுடர் தெரிந்தது.

எல்லாத் தலையும் ஒருதரம் மேலே போய்க் கீழே வந்தது. ஒரு குழந்தை மட்டும் இந்த வருஷம் ரெண்டு தீபம் என்று சந்தோஷமாகச் சொன்னது. தாசில்தாரின் மனைவி கீழே இருந்த சுடரையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஏங்க, அது டயரம்மா கொட்டாய் இல்ல?" என்றார். தாசில்தார் வாயிலிருந்த அடையை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் அப்படியே இருந்தார். கடைசியில் விழுங்கத்தான் விழுங்கினார்.

நடந்ததை மறுநாள் டயரம்மாவே என் மனைவியிடம் சொன்னார். காலையில் ஏற்றிய ஈடு மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டாராம். மழைத்தண்ணீர் அடுப்புக்குள் இறங்கித் தீயை அணைத்துவிட்டது. பானையோ சூடு தணியாமல் ஆவியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் அடுப்புக்குக் குடை பிடித்தாராம், பாவம். ஈரச்சாக்கு போட்டும் கேட்கவில்லை, கரண்டியால் அதட்டியும் கேட்கவில்லை. கொட்டகைக்குள் மூச்சு முட்டியது. பக்கத்தில் தெருவெல்லாம் பிள்ளைகள் மாவளிப் பொறியோடு சுற்றப்போகிற நேரம். அப்போதுதான் பாய் சொன்னது காதில் விழுந்ததாம். மூங்கிலில் துணியைச் சுற்றிப் பற்றவைத்து, ஏணியில் ஏறி, வீட்டுக்காரரைத் திருகைத் திறக்கச் சொல்லி, வாழ்க்கையிலேயே முதல்முறையாக டயரை எரித்தார்.

எரிந்ததும் தெருவிலிருந்து அரோகரா கேட்டது. மலையில் ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்து ஏணியிலிருந்தே மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டாராம். அங்கே மேகம்தான் இருந்தது. திரும்பித் தெருவைப் பார்த்தால், எல்லாக் கையும் தன் குழாயைப் பார்த்துக் கூப்பியிருந்தது. "சிரிப்பு வந்துச்சு. அப்பறம் பயம் வந்துச்சு. அப்பறம் நானும் கும்புட்டுட்டேன்" என்றார்.

மாசு ஆபீஸ் அதிகாரி மனுவைத் தூக்கிக்கொண்டு வந்தது அந்த வாரமே. பல நாள் எரிகிற மலைத் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதிகாரி சின்ன வயசு, மரியாதைக்காரர். கொட்டகையைச் சுற்றிப் பார்த்து, டயரம்மாவின் விளக்கத்தை முழுசாகக் கேட்டார். இதை எரிப்பது என்று சொல்லமுடியாதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டபோது டயரம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கலெக்டரே வந்து மாலை போட்டிருந்தாலும் அப்படி மலர்ந்திருக்காது.

பிறகு அதிகாரி தெருக்காரர்கள் எல்லாரையும் கொட்டகை வாசலில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். வெளியே நெருப்பு வந்து எரிந்ததைப் பார்த்தவர் இருந்தால் இன்றைக்கே பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அனுமதிக்கு எழுதிப்போட அவகாசம் கொடுக்கலாம். டயரம்மா வெளுத்த விரல்களைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"நீங்கதானே மனு போட்டவர்? நெருப்பைப் பார்த்தீங்களா?" என்று தாசில்தாரைக் கேட்டார் அதிகாரி.

பார்த்தேன் என்றால், எப்போது பார்த்தீர்கள் என்று கேட்பார். தீபத்தன்று என்றால், என்ன செய்தீர்கள் என்று கேட்பார். லாரி டயரைப் பார்த்து அரோகரா சொல்லி விரதத்தை முடித்தேன் என்று ஒரு தாசில்தார் சொல்ல முடியுமா?

"புகைதான் சார். நெருப்புன்னு ஒண்ணும் நான் பாக்கலை" என்றார் தாசில்தார், வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு.

அடுத்தவரும் பார்க்கவில்லை. அதற்கடுத்தவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. என்றைக்கு என்று அவரை யாரும் கேட்கவில்லை. நாலாவது வீட்டம்மாளுக்கு மாலையானால் கண் மங்கிவிடுமாம். என்னைக் கேட்டார். அரசாங்க ஊழியனுக்கு எதையும் பார்க்காமல் இருப்பதில் நல்ல பயிற்சி உண்டு. நானும் பார்க்கவில்லை. தாசில்தாருக்குத் தைரியம் வந்து, ஒரு பொறிகூடக் கிடையாது, அந்தக் குழாய் சும்மா அழகுக்கு நிற்கிறது என்று சேர்த்துக்கொண்டார். மனு போட்டவரே இப்படிச் சொல்வதை அதிகாரி அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். பேனாவை மூடப்போனவர், மரியாதைக்காக, டயர்மேல் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுவைத்தார்.

"அவளக் கேளுங்க" என்றார் அவர்.

டயரம்மாவை யாரும் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அதிகாரி திரும்பினார். டயரம்மா மலையை ஒருமுறை பார்த்தார்.

"எரிஞ்சுச்சு சார்."

தாசில்தார், அம்மா அது வேற, அது வேற என்று இழுத்தார். டயரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெருவே கையெடுத்துக் கும்புட்டுது. நானும் கும்புட்டேன். கும்புட்ட நெருப்ப இல்லன்னு சொல்லிட்டு, அதோ மேல எரியுதே, அத எந்த மூஞ்சிய வெச்சிகினு நான் பாக்கறது?"

எங்கள் மூஞ்சிகளை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம். அதிகாரிக்கும் சங்கடம். அப்படியானால் டயர் எரித்ததாகத்தான் எழுதவேண்டியிருக்கும், கொட்டகையைப் பூட்டவேண்டியிருக்கும், பரவாயில்லையா அம்மா என்று மெதுவாகக் கேட்டார்.

"எழுதிக்கங்க சார். ஆனா ஒழுங்கா எழுதுங்க. அன்னிக்கு ஒருநாளு எரிஞ்சுச்சு. மத்த நாளெல்லாம் வெந்துச்சு."

அதிகாரி எழுத ஆரம்பித்தார். வீட்டுக்காரர் டயரை விட்டு எழுந்து, யாரையும் கேட்காமல் வாசலுக்குப் போய், கிரைண்டர் மேலிருந்த செம்பருத்தித் தொட்டியைத் தூக்கிக் கீழே வைத்தார்.